இருபத்தைந்தாம் தேதி வர இயலாது

வடக்கு ஹாலிவுட்,
3 ஆகஸ்ட் 1955

அன்புள்ள மகள் மாவிஸுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளை கன்னரும் சின்னவன் ஆன்டர்ஸும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

குழந்தையின் போட்டோ திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. கவரில் என் பெயர் மட்டும் இருந்ததால் நான்தான் பிரித்தேன். உன் அப்பா அதைக் கவனிக்காதவர் போலத் தோட்டத்தில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரே செடிக்கு இருபது நிமிஷம். பாவமாக இருந்தது; கூப்பிட்டுக் காட்டினேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, போட்டோவை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்தக் காது என்னுது வெர்னா. பாவம் பய, தப்பிச்சிருக்கலாம்" என்றார். பிறகு போட்டோவைக் காணவில்லை. மறுநாள் பார்த்தால், சினிமாவில் நடிக்கும்போது கையில் பிடிக்கிற அந்தக் கறுப்பு அட்டைப் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்.

ஜனவரியில் ஸ்டூடியோ அவரை அனுப்பிவிட்டது உனக்குத் தெரியுமா? நான் எழுதவில்லை. இருபத்திரண்டு வருஷம். ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை, ஒரு பேனா கொடுத்தார்கள். அதில் 'கிளெமென்ட் ஹார்ட்லி' என்று பொறித்திருந்தது. "எல்மர் ப்ளன்கெட்டுக்கு ஒண்ணும் குடுக்கலையா?" என்று கேட்டேன். ப்ளன்கெட் என்ற பெயரில் எந்தப் பாஸ்டரும் கல்யாணம் செய்து வைக்க முடியாது, கிணற்றில் கல் விழுந்த மாதிரி இருக்கிறது என்று சொல்லித்தானே முதல் நாளே அவர் பெயரை மாற்றினார்கள்! மனுஷர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் எரிச்சல்.

இத்தனை வருஷத்தில் எத்தனை படம் என்று அவருக்கே தெரியாது. எனக்குத் தெரியும், என்னிடம் குறிப்பு இருக்கிறது. நூற்று முப்பத்தாறு. அதில் நாற்பது படங்களில் பாஸ்டராக வந்து கல்யாணம் செய்து வைத்திருக்கிறார். மீதியில் டாக்டர், நீதிபதி, கெட்ட செய்தியோடு வந்து கதவைத் தட்டுகிற தந்திக்காரர். ஊரில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது, எல்லோருக்கும் முகம் தெரியும். போன வாரம் மார்க்கெட்டில் ஒரு பெண் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பாஸ்டர் ஐயா, எங்கள ஞாபகம் இருக்கா? நீங்கதான எங்களுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சீங்க!" என்றாள். இவர் கொஞ்சமும் யோசிக்காமல், "இல்லாம என்னம்மா! நல்லா இருக்கீங்களா? சண்ட கிண்ட ஒண்ணும் இல்லியே?" என்றார். அவள் அழுதே விட்டாள். வீட்டுக்காரர் இன்னும் தட்டைக் கழுவுவதில்லையாம். நடுச்சந்தையில் வெங்காயப் பையோடு நின்றுகொண்டு இவர் புத்திமதி சொல்லி முடிக்கிற வரைக்கும் ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு டெலிவிஷனில் ஒரு வேஷம் கிடைத்திருக்கிறது. அடுத்த வியாழன், பதினொன்றாம் தேதி சாயங்காலம், ஒரு மணி நேர நாடகம். இதிலும் பாஸ்டர்தான், நாற்பத்தோராவது கல்யாணம். ஆனால் இது படம் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு காட்டுவது இல்லை. அவர்கள் நடிக்க நடிக்க நாடு முழுக்கத் தெரியும். தப்பு வந்தால் வந்ததுதான். நன்றாக வந்தால், நாடகத்துக்குப் பணம் போடுகிற சோப்புக் கம்பெனிக்காரர்கள் புதிதாகத் தொடங்கப்போகிற வாராந்தரத் தொடருக்கு அவரைப் பார்ப்பார்கள் என்று அவருடைய ஏஜென்ட் சால் ரெஸ்னிக் சொல்கிறார்.

உன் அப்பாவுக்கு உள்ளுக்குள் உதறல். சினிமாவில் மூன்று நிமிஷத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் பேசியதே இல்லை, அதற்குள் யாராவது கட் சொல்லிவிடுவார்கள். "கட்டுன்னு சொல்ல ஆளே இல்லாத எடத்துல எப்பிடி நடிக்கிறது?" என்று கேட்கிறார். "நாம வீட்ல முப்பது வருஷமா யாரு கட் சொல்லி வாழுறோம்?" என்றேன். தினமும் சாப்பாட்டு மேஜையில் உப்புப் புட்டிக்கும் மிளகுப் புட்டிக்கும் கல்யாணம் நடக்கிறது. நான் பெண் வீட்டார்.

மாவிஸ், உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் கல்யாணத்தன்று அவர் வரவில்லை. ஸ்டூடியோவில் வேறு யாருக்கோ கல்யாணம் செய்து வைத்துக்கொண்டிருந்தார். உங்கள் ஊர் டுலூத்தில் தேவாலயப் படியில் நின்று நீ என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை: "ஊரான் வீட்டுப் பொண்ணுங்க நாப்பது பேருக்கு நேரம் இருந்துச்சு. எனக்கு இல்ல." நான்கு வருஷமாக அவர் எழுதுகிற கடிதங்களுக்கு நீ பதில் போடுவதில்லை. அவர் எழுதுவதையும் நிறுத்துவதில்லை. உன்னைத் தப்பென்று சொல்ல வரவில்லை. பக்கத்து வீட்டு மிஸஸ் ஹால்வர்சனிடம் டெலிவிஷன் இருக்கிறது என்று எழுதியிருந்தாயே. வியாழக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்கார். நேரம் உங்கள் ஊர் பேப்பரில் இருக்கும். காதையாவது பார்த்துவிட்டு வா.

கன்னர் ஏரியில் கப்பலோடு போயிருக்கும் நாட்களில் தனியாகக் கனமான வேலை எதையும் செய்யாதே. துணிகளை மொத்தமாகச் சேர்த்து வைத்துத் துவைக்காதே, இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

உன் அன்பு அம்மா,
வெர்னா

*

வடக்கு ஹாலிவுட்,
24 ஆகஸ்ட் 1955

அன்பு மகள் மாவிஸுக்கு,

அம்மாவின் ஆசிகள். உன் கார்டு பதின்மூன்றாம் தேதி கிடைத்தது. செப்டம்பர் இருபத்தைந்து, ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆன்டர்ஸுக்கு ஞானஸ்நானம், நான் அவசியம் வர வேண்டும் என்று எழுதியிருந்தாய். கட்டாயம் வருகிறேன். நான்கு வரி கார்டு. உன் அப்பாவைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் இல்லை. தபால் முத்திரை பத்தாம் தேதி, அதாவது நாடகத்துக்கு முந்தின நாள். ஆகையால் நீ அதைப் பார்த்தாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பார்க்கவில்லை என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பார்த்திருந்தாலும் இன்னொரு முறை கேள்.

அன்று சாயங்காலம் நான் வீட்டில்தான் உட்கார்ந்து பார்த்தேன். பழக்கதோஷம், மடியில் நோட்டும் கையில் ஸ்டாப் வாட்சும். இருபது வருஷம் ஸ்டூடியோவில் நாற்காலியில் உட்கார்ந்து, யார் கையில் கப் இருந்தது, யார் சிகரெட் எவ்வளவு எரிந்திருந்தது, அடுத்த ஷாட்டில் அதே அளவு இருக்கிறதா என்று பார்த்து எழுதின பொம்பளை, சும்மா எப்படிப் பார்ப்பாள்!

கதை இதுதான். சீலியா என்ற பெண்ணுக்கு ஒரு பணக்காரனோடு கல்யாணம். பாஸ்டர் வழக்கம்போல், "இதுக்கு ஆட்சேபண இருக்கிறவங்க இப்பவே சொல்லுங்க" என்று கேட்பார். உடனே தேவாலயக் கதவைத் திறந்துகொண்டு பழைய காதலன் ஓடி வந்து, "இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது!" என்று கத்த வேண்டும். மிச்சக் கதை முழுக்க அதற்கு மேல்தான். இன்னும் இருபத்திரண்டு நிமிஷக் கதை.

உன் அப்பா கேட்டார். கதவு திறக்கவில்லை.

மத்தியானம்தான் அந்தக் கதவுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். காயாமல் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. காதலன் வெளியே நின்று இழுத்தும் தள்ளியும் பார்க்கிறான். தேவாலயச் சுவர் முழுக்க ஆடுகிறது. மெழுகுவர்த்தி ஒன்று விழுந்தது. நாற்பது கல்யாணத்தில் இவருக்கு இப்படி ஆனதே இல்லை. சினிமாவில் ஆட்சேபணைக்காரன் வந்தால் சொன்ன நொடியில் வருவான், இல்லையென்றால் வரவே மாட்டான். அடுத்த வரி, "இன்று முதல் நீங்கள் கணவன் மனைவி." அது அவர் வாயில் தானாக வருகிற வரி. அதைச் சொன்னால் கல்யாணம் முடிந்துவிடும், கதையும் முடிந்துவிடும், சோப்புக்காரர்கள் மிச்ச இருபத்திரண்டு நிமிஷத்துக்குச் சோப்பையே காட்ட வேண்டியதுதான். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, "சொல்லிடாதீங்க, சொல்லிடாதீங்க!" என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையால் நிதானமாகத் துடைத்தார். அந்தப் பெண்ணைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். நான் வாட்சை அமுக்கினேன். அவர் பேசினதை வார்த்தை விடாமல் எழுதி எடுத்தேன். இதோ:

"கொஞ்சம் பொறும்மா. ஒண்ணும் அவசரமில்ல. நான் நெறைய கல்யாணம் பண்ணி வெச்சிருக்கேன், எல்லாத்துலயும் ஒரு நாற்காலி காலியாவே இருக்கும். வரணும்னு நெனச்சவங்க, புதுச் சூட்டு கூட வாங்கி வெச்சவங்க. வர முடியல. அந்த நேரத்துல அவங்க எங்கயோ, யாருக்காகவோ நின்னுக்கிட்டு, கடியாரத்தப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. மணி பத்து. இப்ப பிள்ள உள்ள வந்திருப்பா. இப்ப நடந்து வந்திருப்பா. தனியா நடந்தாளா, யாராச்சும் கையப் புடிச்சாங்களான்னு நெனச்சுக்கிட்டு இருப்பாங்க. கோவிச்சுக்கோ, தப்பில்ல. ஆனா அந்த நாற்காலிய எடுத்துடாதம்மா, மாவிஸ்."

பெண்ணின் பெயர் சீலியா, மாவிஸ். அவர் சொன்னது உன் பெயரை.

அந்த நடிகைப் பெண் கெட்டிக்காரி, கண் கூட இமைக்கவில்லை. "சரிங்க பாஸ்டர் ஐயா" என்றாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒரு நிமிஷம் ஐந்து நொடி. அதற்குள் கதவு பிளந்துகொள்ள, காதலன் கையில் கைப்பிடியோடு குப்புற உள்ளே வந்து விழுந்து, தரையில் கிடந்தபடியே, "இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது!" என்றான். நான் அழுதுகொண்டிருந்தேன், அப்படியே சிரிப்பும் வந்துவிட்டது. விக்கல் எடுத்துத் தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா தொப்பியைக் கூடக் கழற்றாமல், "தொலைஞ்சேன் வெர்னா. எழுதாத வசனத்த எல்லாம் பேசிட்டேன். பேரக் கூட மாத்திச் சொல்லிட்டேன். இனிமே தக்காளிதான்" என்றார். மறுநாள் காலை சால் ரெஸ்னிக் போனில் குதிக்கிறார். சோப்புக் கம்பெனி முதலாளியின் மனைவி அந்தப் பேச்சைக் கேட்டு, தன் மகனுக்கு போன் போட்டாளாம், ஆறு வருஷத்துக்கு அப்புறம். கதை எழுதினவர் அதைத் தான்தான் எழுதினேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லிக்கொள்ளட்டும். தொடர் உன் அப்பாவுக்குத்தான். ஊர்ப் பாஸ்டர் வேஷம், இந்த முறை கதையே அவரைச் சுற்றித்தான். முப்பத்தொன்பது வாரம், ஒவ்வொரு ஞாயிறும், நேரடியாக. முதல் வாரம் செப்டம்பர் பதினெட்டு.

இரண்டாவது வாரம் என்றைக்கு என்று நீயே பார்த்துக்கொள்.

உன் கார்டு வந்த அன்று சமையலறை மேஜையில் கிடந்தது. நான் மறைத்து வைக்க நினைத்து மறந்துவிட்டேன். அவர் காப்பி குடித்துக்கொண்டே அதைப் படித்தார். போய்த் தக்காளிக்குத் தண்ணீர் விட்டார். திங்கட்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போனவர், சாயங்காலம் வரை வரவில்லை. அதற்குள் சால் எனக்கு போன் செய்து கத்துகிறார்: "உங்க வீட்டுக்காரருக்குப் பைத்தியமா? மொத வாரம் வந்துட்டு ரெண்டாவது வாரம் காணாமப் போற பாஸ்டர எவன் பாப்பான்? இருபத்தஞ்சாம் தேதி வர மாட்டேன்னு ஒரு வரி டைப் அடிச்சாத்தான் கையெழுத்தாம். இந்த வாய்ப்பு போனா இன்னொண்ணு வராது, சொல்லி வையுங்க!"

உன் அப்பா இந்த ஊரில் யாரிடமும் ஒரு முறை கூட முடியாது என்று சொன்னதில்லை. மீசை வை என்றால் வைத்தார், எடு என்றால் எடுத்தார். காய்ச்சலோடு மழைக் காட்சியில் நின்றார். பெயரையே கொடுத்தார். அந்த மனுஷர் அங்கே மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, "டைப் அடிங்க, கையெழுத்துப் போடறேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியில் இறங்கி வந்தார்கள். இரண்டாவது வாரம் பாஸ்டர் வெளியூரில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போயிருக்கிறார் என்று கதையில் எழுதிக்கொள்வார்களாம். ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்பதாவது வரியைப் பார்: 'செப்டம்பர் 25 அன்று எக்காரணம் கொண்டும் வர இயலாது.'

நீ அவரை அழைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். "கூப்பிடாத வீட்டுக்கு எப்பிடிப் போவீங்க?" என்று கேட்டேன். "நான் போறேன்னு எங்க சொன்னேன்? கூப்பிட்டா, அன்னிக்கு எனக்கு வேல இருக்கக் கூடாது. அவ்வளவுதான்" என்றார்.

மாவிஸ், இதற்கு மேல் எழுதப்போவதை நான் நான்கு வருஷமாக எழுதாமல் வைத்திருந்தேன். உட்கார்ந்து படி.

உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம், இன்னும் வெளிவராத ஒரு படத்தை பாசடீனா தியேட்டரில் ஜனங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். கல்யாணக் காட்சியில் தியேட்டரே சிரித்தது. தூரத்திலிருந்து பார்த்தால் பாஸ்டர் மூக்கில் கண்ணாடி இருக்கிறது. கிட்டத்தில் பார்த்தால் இல்லை. மறுபடி தூரத்தில் இருக்கிறது. பாஸ்டர் உன் அப்பா. திரும்ப எடுக்க வேண்டும் என்றார்கள். கதாநாயகிக்கு ஒழிந்த நாள் உன் கல்யாணம் நடந்த அந்தச் சனிக்கிழமை ஒன்றுதான். ஒப்பந்தத்தில் இருக்கிறவர் வர மாட்டேன் என்று சொல்ல முடியாது. அதற்குள் நான் டுலூத் ரயிலில் இருந்தேன்.

கண்ணாடி இருந்ததா இல்லையா என்று பார்க்க வேண்டிய ஆள் யார் தெரியுமா? நான்தான். அந்தப் படத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான். இருபது வருஷத்தில் நான் விட்ட ஒரே பெரிய தப்பு. பிறகு என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அன்று மத்தியானம், கண்ணாடியைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில், உன் கல்யாண உடைக்கு லேஸ் எத்தனை கஜம் வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். எட்டரை கஜம். அந்த வருஷத்தோடு நான் வேலையை விட்டதற்குக் கண் மங்கிவிட்டது என்று சொன்னேனே, அது பொய். கண் நன்றாகத்தான் இருக்கிறது.

உன்னிடம் சொல்லிவிடுகிறேன் என்று எத்தனையோ முறை கிளம்பினேன். உன் அப்பா விடவில்லை. "வேணாம் வெர்னா. அவளுக்கு நாளைக்கு ஒரு குழந்த பொறந்தா, பக்கத்துல அம்மா வேணும். கோவம் ஒருத்தர் மேல இருந்தாப் போதும். அது என் மேலயே இருக்கட்டும், எனக்குப் பழக்கம், படத்துல கெட்ட சேதியெல்லாம் நான்தான கொண்டு போறேன்" என்றார். நானும் அதைப் பிடித்துக்கொண்டு நான்கு வருஷம் சௌகரியமாக இருந்துவிட்டேன். நீ எனக்கு மட்டும் கவர் போடுவாய், நான் மட்டும் பிரிப்பேன். வெட்கமாக இருக்கிறது. என் மேல் கோபப்படு. எவ்வளவு வேண்டுமானாலும் படு. அதைச் சரியான முகவரிக்கு அனுப்பு.

இந்தக் கடிதத்தை நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. வெளியே தோட்டத்தில் இருக்கிறார். உன் கல்யாணத்துக்கென்று வாங்கி ஒரு நாளும் போடாத அந்தப் பழைய சூட்டை வெயிலில் காயப் போட்டிருக்கிறார். பூச்சி அரிக்கக் கூடாதாம். இடுப்பில் இரண்டு அங்குலம் பிரித்துவிட வேண்டும். நான் பிரிக்கத் தொடங்கிவிட்டேன்.

பதினெட்டாம் தேதி நாடகம் முடிந்ததும் திங்கட்கிழமை காலை ரயில் இருக்கிறது. எனக்கு ஒரு டிக்கெட் வாங்கிவிட்டேன். பக்கத்து இடத்தை எனக்காகப் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். செப்டம்பர் பத்தாம் தேதிக்குள் சொல்ல வேண்டும்.

நீ பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம். அவர் பெயருக்கு ஒரு கார்டு போடு. எல்மர் ப்ளன்கெட் என்றே எழுது. உள்ளே 'காலை பத்து மணி' என்று இருந்தால் போதும். ஞானஸ்நானம் கொடுக்க உங்கள் பாஸ்டர் இருக்கிறார், இவர் நடுவில் புகுந்து ஒன்றும் பேச மாட்டார். அதற்கு நான் பொறுப்பு. கடைசி வரிசையில் ஒரு நாற்காலி போடு மகளே. அவருக்கு அன்று வசனம் எதுவும் வேண்டாம்.

நீங்கள் மூவரும் கர்த்தர் கிருபையில் நன்றாக இருங்கள்.

உன் அம்மா,
வெர்னா ப்ளன்கெட்